மென் எக்ஸ் கதிர் மங்கும்போது: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

காரைக்குடிக்கு அருகே எங்கள் ஆய்வுக்கூடத்தில், 1.8 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பு லேசர் துடிப்பை ஹீலியத்துக்குள் குவித்து, உயர்வரிசை ஹார்மோனிக்குகளாக, அதாவது லேசர் அதிர்வெண்ணின் பல மடங்கு அதிர்வெண்களில், பிறக்கும் மென் எக்ஸ் கதிர்த் துடிப்புகளை எடுத்துவருகிறோம். ஆண்டில் பல நாள்கள் அந்தக் கதிர் மங்கிப்போகும். சில நாள்களில் அறவே காணாமற்போகும். அப்படி நேரும்போதெல்லாம் புதிதாக வந்த மாணவர்கள் முதலில் கைவைப்பது, கதிரைப் பதிவுசெய்யும் கேமராவின் மீதும், கதிரை நிறமாலையாகப் பிரிக்கும் கோட்டுத் தகடான கிரேட்டிங்கின் மீதும்தான். நான் இதுவரை சரிசெய்த பழுதுகளில் மிகச் சிலவே அந்தப் பக்கத்தில் இருந்தன. மற்றவை லேசரிலோ, வாயுக்குழாயிலோ, எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்திலோ இருந்தன. ஆகவே இந்தக் குறிப்பு முழுவதும் லேசர் பக்கத்திலிருந்து கேமராவை நோக்கியே நடக்கும். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத சோதனை முன்னால் வரும், விலை கூடிய உறுப்பை மாற்றும் வேலை பின்னால் வரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

நல்ல நாளின் எண்கள் கையில் இல்லாமல் எந்தச் சோதனையும் பயன் தராது. எங்கள் மேசையில் அவை இவை: நொடிக்கு 1000 துடிப்பு தரும் 800 நானோமீட்டர் டைட்டானியம்-சஃபையர் லேசர் பெருக்கி, அலைநீளத்தை நீட்டித் தரும் ஓபிஏவை (ஒளி அளபுருப் பெருக்கியை) இயக்குகிறது, ஓபிஏவிலிருந்து 1.8 மைக்ரானில் துடிப்புக்கு 1 மில்லிஜூல் ஆற்றல், 40 ஃபெம்டோ நொடி அகலம் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). குவியத்தில் கற்றையின் ஆரம் 60 மைக்ரான். இவை மூன்றும் சரியாக இருந்தால் குவியத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 400 டெராவாட் செறிவு கிடைக்கும். ஹீலியத்தில் நிறமாலையின் மேல் எல்லை 400 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வரும். உங்கள் மேசையின் எண்கள் வேறாக இருக்கலாம். அவற்றைச் சிக்னல் நன்றாக இருக்கும் நாளிலேயே அளந்து, அறையின் வெப்பம், காற்றின் ஈரம், ஒவ்வொரு கேஜும் காட்டிய அழுத்தம் ஆகியவற்றோடு சேர்த்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1.8 மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அது விழித்திரையை எட்டாமல் கண்ணின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்படும் என்பதை நம்பிக் கண்ணாடி அணியாமல் நிற்பது தவறு, ஏனென்றால் இந்தச் செறிவில் அது கருவிழியையும் தோலையும் சுடும். கூடவே வரும் 800 நானோமீட்டர் ஒளி நேராக விழித்திரைக்கே போகும். இரண்டு அலைநீளங்களுக்கும் உரிய கண்ணாடி இல்லாதவர் மேசைக்கு அருகில் வரக் கூடாது. இந்த ஆற்றலில் பிறக்கும் எக்ஸ் கதிரையோ சில மில்லிமீட்டர் காற்றே விழுங்கிவிடும். அதனால்தான் வழி முழுவதும் வெற்றிடம் வேண்டியிருக்கிறது.

அறிகுறி 1: திரை முழு இருட்டாக இருக்கிறது

முதலில், ஹீலியத்தைத் தேக்கி லேசரைக் குவிக்கும் வாயுக்கலத்தின் பக்கவாட்டுச் சாளரம் வழியே பாருங்கள். லேசர் குவியும் இடத்தில் பிளாஸ்மா ஒளிர்வு ஒரு சிறு கோடாகத் தெரிய வேண்டும். அது தெரிகிறதா இல்லையா என்பதே பாதி வேலையைச் சொல்லிவிடும்.

ஒளிர்வு தெரியவில்லை என்றால்

சிலிண்டரின் தலை வால்வு, ரெகுலேட்டர், கலத்துக்கு முன்னால் உள்ள அடைப்பு வால்வு ஆகிய மூன்றும் திறந்திருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். சிலிண்டர் மாற்றிய மறுநாள் அடைப்பு வால்வை நானே திறக்க மறந்து, அரைநாள் முழுவதும் கண்ணாடிகளைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். ரெகுலேட்டரின் முள் சரியான அழுத்தத்தைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது.

வாயு வருகிறது என்றால் லேசர் வருகிறதா என்று பாருங்கள். பவர் மீட்டரைக் குவி வில்லைக்கு நேர் முன்னால் வையுங்கள். ஓபிஏவின் வாயிலில் வைத்தால் இடையில் உள்ள கண்ணாடிகளின் பழுது மறைந்துபோகும். ஷட்டர் மூடியிருப்பது, ஐரிஸ் (கற்றையின் விளிம்பை வெட்டும், அளவு மாற்றக்கூடிய துளை) சுருங்கியிருப்பது, நேற்று வைத்த தடுப்புத் தகடு அப்படியே நிற்பது ஆகிய மூன்றும் நான் அடிக்கடி காணும் காரணங்கள். கற்றை எங்கே விழுகிறது என்று பார்க்க, 800 நானோமீட்டருக்குப் பயன்படும் ஒளிரும் அட்டை 1.8 மைக்ரானில் உதவாமல் போகலாம். கடையில் பில் அடிக்கும் வெப்பத்தாளின் ஒரு துண்டை நீட்டினால் கற்றை பட்ட இடம் கறுக்கும். கறுத்த வட்டத்தின் உருவமே கற்றையின் உருவத்தையும் ஓரளவு சொல்லும். குவியத்துக்கு அருகில் மட்டும் தாளை நீட்டாதீர்கள்.

ஆற்றலும் சரி என்றால் கலம் நகர்ந்திருக்கும். வழிகாட்டும் சிவப்புக் கற்றையைக் கலத்தின் இரண்டு துளைகள் வழியாகவும் செலுத்தி, வெளியே வரும் புள்ளி வட்டமாக இருக்கும்வரை கலத்தை நான்கு திசையிலும் மெல்ல நகர்த்துங்கள்.

பவர் மீட்டரில் 800 நானோமீட்டர் பெருக்கியின் ஆற்றலே நல்ல நாளைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். பெருக்கியின் பெட்டியைத் திறப்பது அதற்கென்று பயிற்சி பெற்ற பொறியாளரின் வேலை. அவரை அழைக்குமுன் ஆற்றல், நிறமாலை, குளிர்நீர் வெப்பம் ஆகியவற்றைக் குறித்து அனுப்பினால், அவர் சரியான உறுப்போடு வந்து சேர்வார்.

ஒளிர்வு தெரிகிறது, சிக்னல் மட்டும் இல்லை என்றால்

வெற்றிட அறைகளுக்கு இடையே உள்ள கேட் வால்வு, ஃபில்ட்டர் சக்கரத்தின் நிலை, கேமராவின் பதிவு நேரம் ஆகியவற்றைப் பாருங்கள். ஃபில்ட்டர் சக்கரத்தை நம்பர் பார்த்து மட்டும் நம்பாமல், அதில் எந்த உலோகம் இருக்கிறது என்று யோசியுங்கள். அலுமினியம் 72 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழேதான் நன்றாக வழிவிடும். அதற்கு மேலே உள்ளதைத் தேடும்போது அலுமினியத்தை முன்னால் வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று வருந்துவதில் பயனில்லை.

அடுத்த சோதனையைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். ஹீலியத்தை மூடிவிட்டு, உயர் தூய்மை ஆர்கானை மிகக் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். லேசர் ஆற்றலைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். ஃபில்ட்டரைச் சிர்கோனியத்துக்கு மாற்றுங்கள். ஆர்கானில் ஹார்மோனிக் பிறப்பது ஹீலியத்தைவிடப் பல மடங்கு எளிது; 100 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய பகுதியில் பளிச்சென்று சிக்னல் வர வேண்டும். வந்துவிட்டால் கலத்துக்குப் பின்னால் உள்ள எல்லாம், அதாவது கதிர் நுழையும் பிளவு, கிரேட்டிங், கேமரா எல்லாம் நலம் என்று பொருள். இனி அவற்றைத் தொட வேண்டியதில்லை. வராவிட்டால்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கும் பேச்சே எழ வேண்டும்.

ஆர்கானில் வந்து ஹீலியத்தில் வராத நிலையில், மூன்று திருகுகளை மட்டும் இந்த வரிசையில் தொடுங்கள். முதலில் ஐரிஸை மெல்லச் சுருக்குங்கள். கற்றையின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டும்போது ஆற்றல் குறைந்தாலும் சிக்னல் பெருகுவதை நீங்களே பார்ப்பீர்கள். பிறகு வில்லையை ஒளி செல்லும் திசையில் முன்னும் பின்னும் நகர்த்தி, குவியம் வாயுவுக்குச் சற்று முன்னால் விழும்படி வையுங்கள். வாயு குவியத்துக்குப் பின்னால் இருக்கும் நிலையில் கதிர் ஒடுங்கிய கற்றையாக வரும், மாற்றி வைத்தால் வளையமாகப் பரவிப் பிளவுக்கு வெளியே விழும். கடைசியாக அழுத்தத்தைக் கால் பார் கால் பாராக ஏற்றிச் செல்லுங்கள். நீண்ட அலைநீளத்தில் ஹீலியத்துக்குப் பல பார் அழுத்தம் தேவைப்படும். 800 நானோமீட்டரில் பழகியவர்கள் அரை பாரிலேயே நின்றுவிட்டு ஏமாந்துபோகிறார்கள்.

அறிகுறி 2: சிக்னல் 284 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு எட்டாமல், அல்லது எட்டியதும், நின்றுவிடுகிறது

கார்பனின் உறிஞ்சு விளிம்பான 284 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஆக்ஸிஜனின் விளிம்பான 543க்கும் இடைப்பட்ட பகுதியில் நீர் ஓரளவு ஒளிபுகும் பொருளாக நடந்துகொள்கிறது. உயிர்ச் செல்களைப் பார்க்க விரும்புவோர் எல்லாரும் தேடும் பகுதி அதுவே. அதன் வாசலில் சிக்னல் நின்றுவிடுவதுதான் எங்களிடம் வரும் முறையீடுகளில் முக்கால்வாசி. அந்த நிற்றல் இரண்டு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே முதலில் வகை பிரியுங்கள்.

லேசர் ஆற்றலை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து நிறமாலையை மறுபடி எடுங்கள். சிக்னல் முடியும் இடமும் கீழே நகர்ந்தால், அது லேசரின் செறிவு போதாமையால் வந்த எல்லை. ஆற்றலைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இடம் 284இலேயே அசையாமல் நின்றால், அங்கே கார்பன் ஒன்று கதிரைத் தின்கிறது. நேராக அறிகுறி 3க்குப் போங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஓபிஏவை இரண்டு நாள் திருகியவர்கள் இருக்கிறார்கள்.

எல்லை நகர்கிறது என்றால்

துடிப்பின் அகலமே முதல் சந்தேகம். கணக்கு எளிது: 40 ஃபெம்டோ நொடித் துடிப்பு 80 ஆகிவிட்டால் செறிவு 400 டெராவாட்டிலிருந்து 200க்கு இறங்கும், மேல் எல்லை 410இலிருந்து 215 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வந்துவிடும். பவர் மீட்டரோ பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஆட்டோகோரிலேட்டரால் அகலத்தை அளவெடுங்கள். நீண்டிருந்தால், 800 நானோமீட்டர் பெருக்கியில் துடிப்பைச் சுருக்கும் கம்ப்ரஸரின் கிரேட்டிங் தூரத்தை அதன் மோட்டாரால் சிறு அளவில் நகர்த்தியும், ஓபிஏவின் தாமதத் திருகுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தும் பாருங்கள்.

குவியத்தின் அளவு இரண்டாவது. சாதாரண சிலிக்கான் கேமராவே 1.8 மைக்ரான் குவியத்தைப் படமெடுக்கும், ஏனென்றால் இந்தச் செறிவில் சிலிக்கான் இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. கற்றையைப் பல மடங்கு தணித்த பிறகே கேமராவில் விட வேண்டும். ஆனால் அப்படி எடுத்த படத்தில் புள்ளி உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். படத்தில் காணும் ஆரத்தை 1.4ஆல் பெருக்கினால்தான் உண்மை ஆரம். படத்தில் 60 மைக்ரானைக் கண்டு மகிழ்ந்தவருக்கு உண்மையில் இருப்பது 85 மைக்ரான், செறிவு பாதி.

மூன்றாவது காரணம் எங்கள் ஊரில் பருவத்தோடு வருவது. நீராவி 1.8 மைக்ரானிலிருந்து 1.95 வரை உள்ள பட்டையில் அகச்சிவப்பைக் கடுமையாக உறிஞ்சுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், மூடாத மேசை மீது கற்றை மூன்று நான்கு மீட்டர் நடந்தால், வழியிலேயே அதன் நிறமாலையில் சீப்புப் பற்கள் போன்ற வெட்டுகள் விழுகின்றன. ஆற்றலும் குறைகிறது, துடிப்பின் பின்னால் வாலும் முளைக்கிறது. ஓபிஏவின் வாயிலில் ஒருமுறையும் வில்லைக்கு முன்னால் ஒருமுறையும் ஆற்றலை அளந்து ஒப்பிடுங்கள். கண்ணாடிகளின் இழப்புக்கு மேல் குறைவு இருந்தால் ஈரத்தையே சந்தேகியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் மாடியில் வடகம் காயவைத்த ஆச்சி வானத்தை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ, அவ்வளவு கவனமாக எங்கள் மாணவர்கள் இப்போது ஈரமானியைப் பார்க்கிறார்கள். கற்றையின் வழி முழுவதையும் குழாயால் மூடி உலர் நைட்ரஜனை மெல்ல ஓடவிடுவதே தீர்வு. அது முடியாத நாளில் ஓபிஏவை 1.7 மைக்ரானுக்கு நகர்த்தலாம். ஈரத்தின் தொல்லை வெகுவாகத் தணியும், ஆனால் எல்லை 370ஐ ஒட்டி இறங்கும்.

குளிர்நீரின் வெப்பமும் இந்தப் பருவத்தில் கவனிக்கத் தக்கது. அறையில் 27 பாகை செல்சியஸும் 70 சதவீத ஈரமும் இருந்தால் பனிநிலை 21 பாகை. குளிர்நீரை 18 பாகையில் ஓடவிட்டால் குழாய்களின் மேலும் படிகத்தைத் தாங்கும் உலோகத்தின் மேலும் நீர் துளிர்க்கும். ஓபிஏவில் அலைநீளத்தை மாற்றும் பிபிஓ (பேரியம் போரேட்) படிகத்துக்கும் ஈரம் ஆகாது. நாளடைவில் அதன் முகம் மங்கும். மங்கிய படிகத்தைத் துடைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். மாற்றுவதற்கு ஆள் வர வேண்டும், செலவும் பெரிது.

இத்தனையும் சரியாக இருந்து, ஆற்றலைக் கூட்டக் கூட்டச் சிக்னல் குறைந்தால், நீங்கள் வாயுவை அளவுக்கு மேல் அயனியாக்குகிறீர்கள். கலத்தைத் தாண்டி வரும் அகச்சிவப்பின் நிறமாலை குறுகிய அலைநீளப் பக்கம் சாய்வது அதன் அடையாளம். நீண்ட அலைநீளத்தில் ஹீலியம் தாங்கும் அயனியாக்க அளவு மிகச் சிறியது. ஐரிஸைச் சுருக்கியோ ஆற்றலைக் குறைத்தோ பின்வாங்குங்கள். பின்வாங்கியும் பயனில்லை என்றால் ஹீலியத்தில் காற்று கலந்திருக்கலாம். ஹீலியம் அணுவை அயனியாக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறுக்கு 15.6, ஆக்ஸிஜன் மூலக்கூறுக்கு 12.1 போதும். துடிப்பின் தொடக்கத்திலேயே அவை எலக்ட்ரானை இழந்து, பின்னால் வரும் ஒளியைக் கலைத்துவிடும். சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டருக்குள் அடைபட்ட காற்றே வழக்கமான குற்றவாளி. குழாயை வெற்றிடமாக்கி ஹீலியத்தால் நிரப்பி, மீண்டும் வெற்றிடமாக்குவதை ஐந்து முறை செய்யுங்கள்.

அறிகுறி 3: 284இல் செங்குத்தான சரிவு, பிறகு மெல்ல மீட்சி

இது கார்பன் படிவு. எண்ணெய் ஆவியும் கைரேகையும் பசைகளின் ஆவியும் கண்ணாடியிலும் கிரேட்டிங்கிலும் ஃபில்ட்டரிலும் ஒட்டி, கதிர் படப்படக் கரியாக மாறுகின்றன. மின்சாரம் நின்றபோது எண்ணெய்ப் பம்ப்பிலிருந்து ஆவி பின்னோக்கி ஏறுவது முதன்மையான வழி. பம்ப்புக்கு மேலே மின்சாரம் நின்றதும் தானாக மூடும் வால்வு இருக்கிறதா, அது உண்மையில் மூடுகிறதா என்று சோதியுங்கள். கையுறை இல்லாமல் எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. தலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வருபவர்கள் தொப்பியும் அணிய வேண்டும்; வெற்றிட அறைக்குள் குனிந்து பார்க்கும்போது விழும் ஒரு முடி பல வாரத்துக்குக் கேடு.

படிந்திருப்பது எந்த உறுப்பில் என்று அறிய, ஃபில்ட்டரை முதலில் மாற்றிப் பாருங்கள், அதுவே மலிவானது. சரிவு குறையாவிட்டால் கண்ணாடியை அதற்கென்று உள்ள திருகால் பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகர்த்தி, கதிர் இதுவரை படாத இடத்தில் விழச் செய்யுங்கள். அப்போது சரிவு குறைந்தால் குற்றம் கண்ணாடியுடையது. கிரேட்டிங்கை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது. பஞ்சு ஒருமுறை பட்டாலே அதன் கோடுகள் அழிந்துவிடும். சுத்தம் செய்வதென்றால் ஆக்ஸிஜன் பிளாஸ்மாவிலோ ஓசோனிலோ செய்யும் வசதி உள்ளவரிடம் அனுப்ப வேண்டும்.

ஆற்றல் அளவுகோலே தவறியிருக்கிறதோ என்று ஐயம் எழுந்தால், மெல்லிய பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக் படலத்தைக் கதிரின் வழியில் வேண்டுமென்றே நுழையுங்கள். அதில் உள்ள கார்பன் 284இல் ஒரு படியை வெட்டும். உங்கள் அளவுகோலும் அந்த இடத்தை 284 என்றே காட்ட வேண்டும்.

அறிகுறி 4: சிக்னல் ஏறி இறங்குகிறது

ஏற்ற இறக்கத்துக்கு ஒரு காலக்கணக்கு உண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. ஒரு மணி நேரம் சிக்னலைத் தொடர்ந்து பதிவுசெய்யுங்கள். அறையின் வெப்பத்தையும் கற்றையின் இடத்தையும் அதே தாளில் வரையுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஏசியைப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் ஏசியின் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறையும் குளிர்காற்று மேசையின் ஒரு மூலையில் விழுந்து கண்ணாடித் தாங்கிகளை வளைக்கும். காற்றை மேசை மீது படாதபடி திருப்பிவிட்டாலே பாதி குறையும். மேசைக்கு மேலே மூடி போட்டால் மீதியும் தணியும். ஏசி மெக்கானிக் ஒருவர், "சார், ரூம் சில்லுனுதானே இருக்கு?" என்று கேட்டார். குளிர் எவ்வளவு என்பதைவிட அது மாறாமல் இருக்கிறதா என்பதே எங்களுக்கு வேண்டியது என்று சொன்னதும், அவர் கம்ப்ரஸர் நிற்காமல் மெதுவாக ஓடும் வகையை மாட்டிக்கொடுத்தார். அந்தக் கோடையிலேயே வேறுபாடு தெரிந்தது.

நொடிக்கு நொடி துள்ளுகிறது என்றால் பம்ப்பின் அதிர்வு. வேகமாகச் சுழன்று உயர் வெற்றிடம் தரும் டர்போ பம்ப்பைத் தற்காலிகமாக வால்வால் பிரித்து, அருகில் உள்ள உலர் பம்ப்பையும் நிறுத்தி, கற்றையின் இடம் அமைதியடைகிறதா என்று பாருங்கள். உலர் பம்ப்பை மேசை நிற்கும் தளத்திலிருந்து விலக்கி ரப்பர் மேல் வைப்பது போதும். டர்போவிலிருந்து கீச்சென்ற ஒலி வந்தால் அது தாங்கி தேய்ந்ததன் அறிகுறி. உடனே நிறுத்தி, பழுது பார்க்க அனுப்புங்கள். நிமிடத்துக்கு 60,000 சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய பொறியில் பரிசோதனை வேண்டாம்.

காலக்கணக்கே இல்லாமல் துள்ளினால் மின்னழுத்தம். யூபிஎஸ் வழியாக வராத உறுப்பு எது என்று வயர்களைத் தொடர்ந்து சென்று பாருங்கள். பெரும்பாலும் குளிர்நீர்ப் பெட்டியை மட்டும் நேர் மின்சாரத்தில் விட்டிருப்பார்கள்.

அறிகுறி 5: ரெகுலேட்டரில் அதே எண், வெற்றிட அறையின் அழுத்தம் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது

கலத்தின் துளைகள் பெரிதாகின்றன. நாங்கள் மெல்லிய உலோகக் குழாயைக் கலமாக வைத்து லேசராலேயே துளையிடுகிறோம்; கற்றை சிறிதளவு விலகும் ஒவ்வொரு நாளும் துளையின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரிகிறது. 150 மைக்ரான் துளை 200 ஆனால் வெளியேறும் வாயு ஏறத்தாழ 1.8 மடங்காகும். கூடுதல் ஹீலியத்தைத் தள்ள டர்போ திணறும், ஏனென்றால் இலேசான வாயுக்களை அமுக்கும் திறன் டர்போவுக்கு இயல்பிலேயே குறைவு. வெளியே பரவிய வாயு, பிறந்த கதிரிலேயே ஒரு பங்கை மீண்டும் உறிஞ்சிவிடும்.

குழாயை மாற்றுவது மலிவான வேலை; சிலிண்டர் ஹீலியம் அப்படியல்ல. இந்தியாவுக்கு வேண்டிய ஹீலியம் பெரும்பாலும் இறக்குமதியாகவே வருகிறது. எங்களுக்கு ஒரு சிலிண்டர் வந்துசேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அழுத்தம் நல்ல நாளைவிட ஒன்றரை மடங்கைத் தொட்டதும், சிக்னல் இன்னும் நன்றாக இருந்தாலும், குழாயை மாற்றிவிடுகிறோம்.

புதுக் குழாயிலும் அழுத்தம் இறங்காவிட்டால் ஹீலியத்தை முழுவதும் மூடிப் பாருங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் வெற்றிட அறையில் கசிவு. கடைசியாகத் திறந்த ஃபிளாஞ்சின் (இணைப்பு விளிம்பின்) அடைப்பு வளையத்திலிருந்து தொடங்குங்கள். எங்கள் செம்மண் தூசி ஒரு துகள் வளையத்தில் ஒட்டியிருந்தாலே போதும். எல்லா வளையமும் சுத்தமாக இருந்தும் கசிந்தால், கசிவு காணும் கருவியோடு ஆளை அழைக்கலாம்.

அறிகுறி 6: வாயுவை மூடினாலும் திரையில் வெளிச்சம்

அது எக்ஸ் கதிர் அன்று. ஃபில்ட்டரில் ஊசித்துளை விழுந்து லேசர் ஒளி கசிகிறது. ஃபில்ட்டரைக் கழற்றி இருட்டில் டார்ச் முன்னால் பிடித்தால் துளைகள் நட்சத்திரமாகத் தெரியும். 100, 200 நானோமீட்டர் தடிமன் உள்ள படலம் காற்றின் வேகத்தில்தான் பெரும்பாலும் கிழிகிறது. அறையை வெற்றிடமாக்கும்போதும் திறக்கும்போதும் ஃபில்ட்டரின் இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும்படி பக்கக்குழாயைத் திறந்துவைத்து, பொறுமையாகச் செய்யுங்கள். ஃபில்ட்டர் முழுதாக இருந்தும் வெளிச்சம் குறையவில்லை என்றால், அறையின் சாளரங்களை அலுமினியத் தாளால் மூடி, வெற்றிடக் கேஜின் இழை ஒளிர்கிறதா என்றும் பாருங்கள்.

கேமராவின் குளிர்ச்சியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல வெற்றிடம் வந்த பிறகே சிசிடியை (கேமராவின் ஒளியுணர் சிப்பை) குளிர்வியுங்கள். வெற்றிட அறையைத் திறக்கும் முன் அது அறை வெப்பத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். வரிசை மாறினால் சிப்பின் மேல் பனி படியும், அந்தப் பனி கதிரைத் தடுக்கும்.

அறிகுறி 7: நிறமாலை தொடர்ச்சியாக இருக்கிறது, துடிப்பு ஒன்றா, பலவா?

இதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் தவறாகப் படித்தால் ஆறு மாத உழைப்பு வீணாகும். 1.8 மைக்ரானில் அடுத்தடுத்த ஹார்மோனிக்குகளுக்கு இடையே 1.38 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிதான்; 300ஐ ஒட்டிய பகுதியில் எங்கள் நிறமாலைமானி அந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. ஆகவே 40 ஃபெம்டோ நொடித் துடிப்பிலிருந்து அட்டோ நொடித் துடிப்புகள் (ஓர் அட்டோ நொடி, ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரிசையாகப் பிறந்தாலும் திரையில் ஒரே தொடர்ச்சியாகத்தான் தெரியும். 2001இல் அகோஸ்தினியின் குழு அளந்தது 250 அட்டோ நொடித் துடிப்புகளின் வரிசையை. அதே ஆண்டில் கிரௌஸின் குழு அளந்தது 650 அட்டோ நொடி அகலமுள்ள தனித் துடிப்பை. ஆன் லூலியேயோடு சேர்த்து இவ்விருவருக்கும் 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. வரிசைக்கும் தனித் துடிப்புக்கும் உள்ள வேறுபாடு அத்தனை அடிப்படையானது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தனித் துடிப்பு வேண்டுமென்றால் அகச்சிவப்புத் துடிப்பையே 12 ஃபெம்டோ நொடிக்கு, அதாவது இரண்டு அலைச் சுழற்சிக்கு, சுருக்கியிருக்க வேண்டும். சுருக்கியிருக்கிறீர்கள் என்றால் சோதனை இது: சுமப்பலைக்கும் துடிப்பின் உறைக்கும் உள்ள கட்டத்தை, இரண்டு கண்ணாடி ஆப்புகளை உள்ளே தள்ளி, சீராக மாற்றிக்கொண்டே நிறமாலையை எடுங்கள். மேல் எல்லைப் பகுதியின் உருவம் கட்டத்தோடு மாறி, 180 பாகைக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

மாறவே இல்லை என்றால் முதலில் துடிப்பின் அகலத்தை மறுபடி அளவெடுங்கள்; பெரும்பாலும் அது 12இல் இல்லாமல் 20ஐத் தாண்டியிருக்கும். இந்த அலைநீளத்தில் உருக்கிய சிலிக்காக் கண்ணாடி 800 நானோமீட்டரில் நடப்பதற்கு நேர்மாறாக நடப்பதால், கண்ணாடித் தகட்டின் தடிமனை ஒரு மில்லிமீட்டர் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதே போதுமான திருத்தம். அகலம் சரியென்றால் கட்டம் நிலையாக இல்லை. அந்தக் கட்டத்தை அளக்கும் எஃப்-டூ-எஃப் அளவியில் கோடுகள் கரைந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். கரைந்திருந்தால் அறிகுறி 4இல் சொன்ன அதிர்வும் காற்றோட்டமுமே அங்கேயும் காரணமாக இருக்கக்கூடும்; அவற்றை நீக்கிய பிறகும் கோடுகள் தெளியாவிட்டால், ஓபிஏவின் உட்புறத்தைச் சீரமைக்கப் பொறியாளரை அழைக்க வேண்டியதுதான்.

நிறமாலை கட்டத்தோடு மாறினாலும், அதை மட்டும் வைத்து இத்தனை அட்டோ நொடி என்று எழுதிவிடாதீர்கள். துடிப்பின் அகலத்தைச் சொல்ல, எக்ஸ் கதிர் வெளியேற்றிய எலக்ட்ரான்களை அகச்சிவப்புப் புலத்தால் இழுத்து அவற்றின் வேக மாற்றத்தை அளக்கும் கருவி வேண்டும். அந்தக் கருவி எங்கள் மேசையில் இன்னும் இல்லை. ஆகவே எங்கள் பதிவேட்டில் அகலம் என்ற பத்தியை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.